பழசண்ணன் வாங்கிய கூடை வண்டி

தெருவில் எல்லோரும் அவரைப் பழசண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. ஐம்பதைத் தாண்டியும் தலையில் முடி அடர்த்தியாகவே இருந்தது; நரைகூட அவர்மேல் மரியாதை வைத்துக் காதோரத்திலேயே நின்றுவிட்டது. பெயருக்குக் காரணம் வேறு. அவர் தம் வாழ்நாளில் புதிதாக எதையும் வாங்கியதில்லை. சைக்கிள் பழசு, கைக்கடிகாரம் பழசு, வீட்டு பீரோகூட வேறு யாரோ பூட்டித் திறந்து சாவி ஓட்டை தேய்ந்துபோன பீரோ. "புதுசுக்கு இன்னும் புத்தி வந்திருக்காதுப்பா. பழசு நாலு அடி பட்டிருக்கும், சொன்னா கேக்கும்" என்பது அவர் கட்சி.

அவர் மனைவி அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். "இந்த வீட்டுக்குள்ள புதுசா வந்தது நான் ஒருத்திதான். என்னையும் பழசாக்கிட்டுதான் மனுஷன் ஓய்ஞ்சாரு."

தொழிலும் பழசில்தான். வேலை வண்டி என்றால் அவருக்கு உயிர். சாமான் ஏற்றி இறக்கும் சாதாரண லாரி அல்ல. முதுகில் ஏதாவது ஒரு கருவியைச் சுமந்துகொண்டு அந்த ஒரே வேலையைச் செய்யும் வண்டி. முதலில் ஒரு தண்ணீர் லாரி வைத்திருந்தார். அதன் வயிற்றில் எங்கெங்கோ ஓட்டை. அது போன வழியெல்லாம் ஓரத்துச் செடி தழைத்தது. பல நாளாய்ப் பூட்டிக் கிடந்த கடை வாசலில்கூடப் புல் முளைத்தது. பின்னாலேயே இரண்டு மூன்று பெண்கள் குடத்தோடு நடந்து வருவார்கள். "தர்மம் தானா ஒழுகுது, அதைப் போய் அடைப்பாங்களா?" என்று விட்டுவிட்டார். அடுத்தது, கழிவுநீர்த் தொட்டியை உறிஞ்சி எடுக்கும் வண்டி. நன்றாகவே உழைத்தது. ஆனால் வீட்டுக்கு விருந்தாளி வருவது நின்றுபோனது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய அன்று மனைவி வாசலில் நின்று, "வாசல்ல இந்த வண்டி நிக்கணுமா, சம்பந்தி வந்து நிக்கணுமா, நீங்களே சொல்லிடுங்க" என்றாள். வண்டி போனது. சம்பந்தி வந்தார்கள். மகள் ஆண்டவன் புண்ணியத்தில் வேறு ஊரில் நல்லபடியாகக் குடித்தனம் செய்கிறாள்.

அவர் வண்டி வாங்கும் அழகே தனி. பழைய வண்டிகள் நிற்கும் மைதானத்துக்குள் போனதும் பெயின்டைப் பார்க்க மாட்டார், டயரை உதைக்க மாட்டார். நேராக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஜெபம்தான், வேறொன்றுமில்லை. இதுவரை இதை ஓட்டினவனும் நல்லா இருக்கணும், இனி ஓட்டப்போறவனும் நல்லா இருக்கணும், குறுக்கே வர்றவங்களும் நல்லா இருக்கணும் என்று ஆண்டவனிடம் கேட்டுக்கொள்வார். அவ்வளவுதான். ஆனால் நிதானமாகக் கேட்பார். ஓட்டினவன், ஓட்டப்போகிறவன், குறுக்கே வருகிறவன், இவர்களுடைய பிள்ளைகுட்டிகள் வரை போவார்.

விற்கிறவர்களுக்கு இது தெரியாது. இந்த ஆள் இரும்பின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நேரம் ஆக ஆக அவர்கள் முகம் மாறும். "கிளட்ச் கொஞ்சம் இறுக்கம்தாண்ணே, நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்று ஒரு குரல் வரும். கண் திறக்காது. "பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒண்ணு உடைஞ்சு ஒட்ட வச்சது" என்று அடுத்தது வரும். அவர் கண்ணைத் திறக்கும்போது வண்டியின் குற்றம் குறையெல்லாம் வெளியே வந்து, விலையும் தானாக இறங்கியிருக்கும். எல்லாம் ஜெபத்தின் பலன் என்று அவர் நம்பினார். இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

மூன்றாவதாக அவர் ஆசைப்பட்டது கூடை வண்டி. லாரியின் முதுகில் மடக்கி வைத்த நீளமான இரும்புக் கை. அதன் நுனியில் ஒரு ஆள் நிற்கும் கூடை. லிவரை அசைத்தால் கை நிமிர்ந்து, கூடையில் நிற்பவரை விளக்குக் கம்பத்தின் தலைக்கே கொண்டுபோய் விடும். ஊரில் புதுசு புதுசாகக் கட்டடம் எழும்பி, கம்பமெல்லாம் உயரமாகிவிட்ட காலம். ஏணி எட்டவில்லை. இந்த வண்டி ஒன்று இருந்தால் வேலைக்குப் பஞ்சமே இல்லை என்று கணக்குப் போட்டார். சரியான கணக்குதான்.

அதில் ஒரே ஒரு சிக்கல். பழசண்ணனுக்கு உயரம் என்றால் பயம்.

சாதாரணப் பயம் அல்ல. முக்காலிமேல் ஏறினாலே உள்ளங்கால் கூசும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும்தான். மின்விசிறி துடைக்க வேண்டும் என்றால் முழங்கால் வலிக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போட வேண்டும் என்றால் வெயில் தலைக்கு ஆகாது. மகள் நாலாவது மாடியில் வாடகைக்கு இருந்தபோது, "வண்டியைத் தனியா விட்டுட்டு வர முடியாதும்மா" என்று கீழேயே உட்கார்ந்துகொண்டார். பேரக்குழந்தையைக் கீழே தூக்கிவந்து காட்டிவிட்டு, மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். கூடை வண்டி விஷயத்திலும் அவருக்குச் சமாதானம் தயாராக இருந்தது: ஓட்டுகிறவன் கீழே, வேலை செய்கிறவன் மேலே. நமக்கு என்ன?

அப்படித்தான் மைதானத்தில் விற்பனைக்காரர், "ஏறுங்கண்ணே, கூடையில நின்னு மேல போய்ப் பாருங்க. ஊரே தெரியும்" என்றபோது, "ஊரை நான் கீழருந்தே நல்லா பார்த்திருக்கேன். முழங்கால் வேற சரியில்ல" என்றார். விற்பனைக்காரர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதை இவர் கவனிக்கவில்லை. வண்டியின் பக்கவாட்டில் இருந்த லிவர்களை விற்பனைக்காரரே அசைத்துக் காட்டினார். வெறுங்கூடை எழும்பியது, திரும்பியது, ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்கக் குனிவதுபோல் அழகாக இறங்கியது. பழசண்ணன் உள்ளே போய் உட்கார்ந்து கண்ணை மூடினார். வெளியே ஹாரன் சரியில்லை என்ற உண்மை வந்தது, பேட்டரி சாகக் கிடக்கிறது என்ற உண்மை வந்தது. அதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். பிள்ளைகுட்டிகளுக்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் ஜெபித்திருந்தால் மூன்றாவது உண்மையும் வந்திருக்கும்.

அந்த மூன்றாவது உண்மையை மச்சான்தான் கண்டுபிடித்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வரிசையாகப் புது லாரி வைத்திருப்பவர். இருக்கைமேல் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்காதவர். வண்டி வீடு வந்த அன்றே பார்க்க வந்து, கூடைக்குள் ஏறி நின்று, தெருவுக்கு ஒரு கையை அசைத்துக்கொண்டே, கூடைக்குள் இருந்த லிவரை இழுத்தார். கூடைக்குள்ளும் ஒரு ஜோடி லிவர் இருக்கும். மேலே நிற்பவர் தம்மைத் தாமே ஏற்றி இறக்கிக்கொள்ள. இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார். அசைத்த கை அப்படியே நின்றது.

"மாப்ள, என்னைத் தூக்க மாட்டேங்குதே உங்க வண்டி?"

"உங்க உடம்புக்குக் கொஞ்சம் யோசிக்குதோ என்னவோ மச்சான்."

மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். கூடைக்குப் போகும் குழாய்களை யாரோ எப்போதோ வெட்டி, நுனியை அடைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பாகம் இப்போது வருவதே இல்லையாம். "கீழ இருக்கற லிவர் தங்கம்ணே. மேல இருக்கறது பொம்மை. ஏண்ணே, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறிப் பார்க்கலையா?"

எல்லோரும் பழசண்ணனைப் பார்த்தார்கள். "முழங்கால்..." என்றார்.

மனைவி முதலில் அவர் முழங்காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டி ஓடும், கை நிமிரும், கூடை எழும்பும். ஏறத்தான் ஆள் இல்லை. ஊரில் உயரத்தில் வேலை பார்ப்பவர்களில் பெரிய கை, குருவி என்று பேரெடுத்த ஒரு லைன்மேன். கம்பியில் உட்கார்ந்தே டீ குடிக்கிற ஆள். அவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு வாயில் இருந்த பாக்கைத் துப்பினார்.

"வண்டி ஜோரா இருக்குண்ணே. ஆனா நான் ஏற மாட்டேன்."

"ஏம்ப்பா? நான் பார்த்து இறக்க மாட்டேனா?"

"இதே மாதிரி ஒருத்தர் கீழ நின்னு என்னைத் தூக்கினாரு. பாதியில அவருக்குப் போன் வந்துச்சு. பேசிக்கிட்டே லிவரைத் தள்ளி என்னைக் கொண்டுபோய் ஒரு மரத்துக்குள்ள சொருகிட்டாரு. நான் இலைக்குள்ள இருந்து கத்துறேன், அவரு 'இருங்க சம்பந்தி, இங்க ஏதோ சத்தம் கேக்குது'ங்கறாரு. என் உசுரை இன்னொருத்தர் கையில குடுத்துட்டு என்னால பல்பு மாட்ட முடியாதுண்ணே. கோவிச்சுக்காதீங்க."

குருவி ஏறாத கூடையில் வேறு யார் ஏறுவார்கள்? பெயின்டர் வந்தார், போனார். மரம் வெட்டுகிறவர் கூடையைத் தட்டிப் பார்த்து, பிள்ளைகளை நினைத்துக்கொண்டு போனார். வண்டி வீட்டு வாசலில் மடங்கிக் கிடந்தது. காக்கைதான் கூடைக்குள் தாராளமாக இறங்கி ஏறியது.

மச்சான் மறுபடி வந்தார். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் நீலச் சட்டை; முதுகில் மச்சானின் லாரி கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில். "இந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு நம்ம வண்டிக்கு வந்துடுங்க மாப்ள. ஏசி வண்டி. காலையில ஏறினா சாயங்காலம் இறங்கினாப் போதும். நம்ம ஆளுங்க எல்லாரும் என்னை முதலாளின்னுதான் கூப்பிடுவாங்க, நீங்க மச்சான்னே கூப்பிட்டுக்கலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் பழசண்ணனுக்கு இன்னும் வலித்தது. ஓட்டை வண்டியோ நாற்ற வண்டியோ, இத்தனை வருஷமும் தம் வண்டிக்குத் தாமே ராஜாவாக இருந்தவர். இனி காலையில் எழுந்து மச்சான் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு போக வேண்டும். சட்டையின் அளவு வேறு அவருக்குக் கச்சிதமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வேலை வந்தது. கடைத்தெருவில் மேசை நாற்காலி விற்கும் பெரிய கடை. மூன்று மாடிக்கும் முகப்பெல்லாம் கண்ணாடி. கடைக்காரம்மா ஆள் அனுப்பியிருந்தார்: கண்ணாடியையும் உச்சியில் இருக்கும் பெயர்ப் பலகையையும் கழுவ வேண்டும், நன்றாக இருந்தால் மாதாமாதம் அந்த வேலை அவருக்கே. பழசண்ணன் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகுதான் கூடையில் யார் நிற்பது என்று யோசித்தார்.

"இந்த வேலை நடந்தா வண்டி என்கிட்டயே இருக்கட்டும். நடக்கலைன்னா நானே சட்டையைப் போட்டுக்கறேன்" என்று மச்சானிடம் வாக்கும் கொடுத்தாயிற்று.

"நான் ஏறுறேன்" என்றாள் மனைவி. பாத்திரம் கழுவிக்கொண்டே, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"வீட்டுல ஜன்னல் கண்ணாடி யார் துடைக்கிறது? அது சின்ன ஜன்னல், இது பெரிய ஜன்னல்."

"அது தரையில நிக்குது!"

"இத்தனை வருஷமா என் உசுரு உங்க கையிலதானே இருக்கு? ஒருநாள் கொஞ்சம் உயரத்துல இருக்கட்டும்." கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். "ஆனா ஒண்ணு. மேல இருந்து நான் கை தூக்கினாத்தான் நீங்க லிவரைத் தொடணும். கையை இறக்கினா விட்டுடணும். யார் வந்து என்ன சொன்னாலும் சரி, வானமே இடிஞ்சாலும் சரி. ஆண்டவன் மேல ஆணையா சொல்லுங்க."

அவர் கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். பொய்ச் சாக்கு ஆயிரம் சொல்லுவாரே தவிர, ஆண்டவன் பெயரைச் சொல்லிவிட்டால் பழசண்ணன் இம்மி பிசகமாட்டார். அது அவளுக்கும் தெரியும்.

ஊர் ஓரத்தில் லாரிகளை எடை போடும் எடைமேடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் பழகினார்கள். அவள் இடுப்புவாரை மாட்டிக்கொண்டு கூடையில் நின்று கை தூக்கினாள். அவர் லிவரைத் தொட்டார். தொட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. தூங்குகிற குழந்தையின் போர்வையைச் சரி செய்வதுபோல. கூடை எழும்பிய வேகத்தைப் பார்த்த ஒரு நாய், அது எழும்புகிறது என்றே தெரியாமல் அதன் நிழலில் படுத்துத் தூங்கியது. "நான் மேல போறதுக்குள்ள பேரன் பள்ளிக்கூடம் போயிடுவான், கொஞ்சம் வேகமா!" என்று அவள் கத்தினாள். அவருக்கு அது காதில் விழவில்லை. தரையில் இருந்த அவருடைய உள்ளங்கால்தான் கூசிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பதிலாக இவருக்கே தலை சுற்றியது.

வேலை நாள் அன்று கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, பக்கவாட்டு இரும்புக் கால்களை இறக்கி, ஒவ்வொரு காலுக்கும் கீழே பலகை வைத்தார். வைத்த பலகையை எடுத்து மறுபடி வைத்தார். ஆண்டவனிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டார், இடுப்புவாரின் கொக்கியை மூன்று நாலு முறை இழுத்துப் பார்த்தார். எதிர்ச்சாரியில் குருவி ஏணி வைத்துக் கடைசிப் படியில் நின்று ஒரு விளக்கை மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு கண் இங்கேதான்.

அவள் கை தூக்கினாள். கூடை எழும்பியது.

முதல் மாடிக் கண்ணாடி முடிந்தது. இரண்டாவது மாடி முடிந்தது. அவள் தண்ணீரை அடித்து, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பில் வழித்தாள். கண்ணாடியில் வானம் தெரிந்தது. கடைக்குள் நாற்காலி பார்க்க வந்தவர்கள் அவளையே பார்த்தார்கள். உச்சிக்குப் போனபோது காற்று அவள் முந்தானையைத் தூக்கியது. சொருகிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அவளுக்கு அது பிடித்திருந்தது! கீழே நின்றவருக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை. துடைத்தால் கண் சிமிட்ட வேண்டும்.

ஒரு பெரிய கூட்டமே கூடிவிட்டது. டீக்கடையிலிருந்து கிளாஸோடு வந்து நின்றார்கள். மச்சானும் வந்து சேர்ந்தார். அக்குளில் அந்தப் பொட்டலம். கடைக்காரம்மா வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்து, "பளிச்சுன்னு ஆயிடுச்சே!" என்றார்.

"முடிஞ்சுதும்மா! கை தூக்கு, இறக்கறேன்!" என்று பழசண்ணன் கூப்பிட்டார். குரலில் உயிர் திரும்பியிருந்தது.

அவள் கை தூக்கவில்லை. கூடையின் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதுபோலக் கீழே பார்த்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும்."

"வீட்டுல போய்க் கேளு!"

"வீட்டுல கேட்டா முழங்கால் வலி வந்துடுது உங்களுக்கு. இந்த வண்டியை வாங்கறப்போ ஏன் நீங்க ஒரு தடவைகூட ஏறிப் பார்க்கல?"

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

"சொன்னேனே... கால்..."

"காலுக்கும் கூடைக்கும் என்ன சம்பந்தம்? நீங்களா ஏறுறீங்க? அதுதானே தூக்குது?"

"நியாயமான கேள்விதான்" என்றார் டீ கிளாஸ் வைத்திருந்த ஒருவர்.

"அன்னைக்கு வெயில்! தலைக்கு..."

"அன்னைக்கு மழைங்க. நனைஞ்சுக்கிட்டே வண்டியைக் கொண்டு வந்தீங்க. நான்தான் தலை துவட்டி விட்டேன்."

கூட்டத்தில் சிரிப்பு. பழசண்ணன் இப்படியும் அப்படியும் பார்த்தார். மேலே காற்றில் கூடை லேசாக ஆடியது. ஒரு சாண் இருக்கும். தரையில் நின்ற அவர் வண்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா தாயே, ஆடுது! கை தூக்கு!"

"ஆடட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, நல்லா காத்து வருது. பதில் சொல்லுங்க, தூக்கறேன்."

மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. "அவ கிடக்கறா மாப்ள! சின்ன வயசுலயே இப்படித்தான் கொய்யா மரத்துல ஏறிக்கிட்டு இறங்க மாட்டா. நீங்க லிவரை இழுங்க, தானா வருவா!"

"முடியாது மச்சான்."

"ஏன், ரிப்பேரா?"

"ஆணை வச்சிருக்கேன். அவ கை தூக்காம தொடமாட்டேன்."

"அட, புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னய்யா ஆணை? தள்ளுங்க, நான் இழுக்கறேன்" என்று மச்சான் முன்னால் வந்தார்.

அப்போது பழசண்ணன் ஒரு காரியம் செய்தார். லிவர்களுக்குமுன் குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டார். அந்த வீட்டில் மச்சானை அதுவரை யாரும் மறித்ததில்லை. "அவ கை தூக்காம இதை நீங்களும் தொடக்கூடாது. கோவிச்சுக்காதீங்க. மேல நிக்கறது அவ." மச்சான் அப்படியே நின்றார். எதிர்ச்சாரி ஏணியில் குருவி வேலையை நிறுத்திவிட்டு முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.

பழசண்ணன் அண்ணாந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஆண்டவனே, இதற்கு ஒரு சாக்கு கொடு என்று கேட்டார். ஆண்டவன் கொடுக்கவில்லை. தெரிந்துதான் கொடுக்காமல் இருந்திருப்பான்.

"எனக்கு உயரம்னா பயம்!" என்று கத்தினார்.

ஒரு ஆட்டோகூட ஹாரனை நிறுத்தியது.

"சரியா கேக்கல!" என்றாள் மேலே இருந்து. கேட்டிருந்தது.

"பயம்மா! உயரம்னா பயம்! முக்காலி ஏறினாலே கால் தந்தி அடிக்குது! மாடி, ஏணி, பாலம், எல்லாமே பயம்! போதுமா?"

"எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்து! நம்ம கல்யாணத்துல ஒரு மேடை போட்டிருந்தாங்களே, அது இடுப்பு உயரம்கூட இல்ல, அதுல நிக்கறதுக்கே பயந்தேன்! போட்டோவுல விறைச்சு நிக்கறேன்னு எல்லாரும் சொல்லுவாங்களே, அது வெட்கம் இல்ல. பயம்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டீ கொட்டியது. கடைக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான்கூடத் திரும்பி நின்று தோள் குலுங்கினார். பழசண்ணன் நடுவில் நின்றார். முகம் சிவந்திருந்தது, ஆனால் மூட்டையை இறக்கி வைத்தவர்போல மூச்சு நேராக வந்தது.

மேலே இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. "இதைச் சொல்ல இத்தனை வருஷமாங்க?" என்றாள். இப்போது கத்தவில்லை, ஆனாலும் அவருக்குக் கேட்டது. "நாலாவது மாடியில பேரனைத் தூக்கிக்கிட்டு நான் எத்தனை தடவை ஏறி இறங்கினேன். சொல்லியிருந்தா கீழேயே வீடு பார்த்திருக்கலாமே."

"சிரிப்பேன்னு நினைச்சேன்."

"சிரிச்சிருப்பேன். அப்புறம் மின்விசிறியை நானே துடைச்சிருப்பேன். இப்பவும் அதானே செய்யறேன்."

கையைத் தூக்கினாள்.

அவர் லிவரைத் தொட்டார். கூடை இறங்கியது, வழக்கமான வேகத்தில். கூட்டத்தில் பாதிப் பேருக்கு டீ ஆறிப்போய், அடுத்த டீ சொல்லி, அதையும் குடித்து முடித்த பிறகுதான் கூடை தரையைத் தொட்டது. கடைக்காரம்மா அங்கேயே சொல்லிவிட்டார்: கண்ணாடி மாதாமாதம் இவர்களுக்குத்தான். மச்சான் பொட்டலத்தை அக்குளில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டு, "நல்லா நிறுத்தினீங்க மாப்ள என்னை" என்றார். கோபமா பாராட்டா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

குருவி ஏணியை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்து வந்தார். வண்டியை இன்னொரு சுற்று சுற்றினார். பிறகு பழசண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்தார். அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நாளைக்கு நான் ஏறுறேன்."

"நீயா? அன்னைக்கு மாட்டேன்னியே?"

"அன்னைக்கு நீங்க தைரியசாலின்னு நினைச்சேன். தைரியசாலிங்க கையில லிவரைக் குடுத்துதான் நான் மரத்துக்குள்ள போனேன். இவ்வளவு பயப்படற ஆள் கீழ நின்னா எனக்கு மேல தூக்கமே வரும்ணே. போன் வந்தா எடுப்பீங்களா?"

"போனை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்ப்பா."

"சொந்த மச்சான் சொல்லியே தொடல. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? கம்ப வேலை முழுக்க இந்த வண்டியிலதான். பேசிக்குவோம்." சிரித்துக்கொண்டே கூடையைத் தட்டினார்.

பழசண்ணன் கண்ணை மூடப் போனார். நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் பெரிதாக இருந்தது. அதற்குள் மனைவி இடையில் வந்து நின்றாள். இடுப்புவாரை இன்னும் கழற்றவில்லை.

"தம்பி, கூடை முழுக்க உங்களுக்குன்னு நினைச்சுக்காதீங்க. விளக்குக் கம்பம் எல்லாம் நீங்க எடுத்துக்குங்க. கண்ணாடி எல்லாம் என்னுது."

"எல்லாம்னா? இந்த ஒரு கடைதானே?" என்றார் பழசண்ணன்.

"பக்கத்துல அந்தப் பெரிய கட்டடம் இருக்கே, அதுல மேனேஜர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாரு. அங்கேயே பேசி முடிச்சுட்டேன். வர்ற வாரம் வரச் சொல்லியிருக்காரு."

"மேல இருந்தா? எப்போ?"

"நீங்க கீழ எங்கண்ணனை மறிச்சுக்கிட்டு நின்னீங்களே, அப்போ."

பழசண்ணன் மெதுவாகத் திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். பார்வை ஒரு மாடி ஏறியது, இன்னொன்று ஏறியது, அதற்குமேல் ஏற மறுத்தது.

"அது எத்தனை மாடி?"

"நீங்க முதல்ல வண்டிக் காலை மடக்குங்க" என்றாள் அவள். "வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."